பள்ளிக்கூடம் பக்கத்தில்தானே இருக்கிறது, நடந்தே போகலாமே

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் போதும், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் காலை எட்டு மணிக்கு மேல் மகாத்மா காந்தி சாலையில் கால் வைக்க முடியாது. மணிக்கூண்டு பக்கத்தில் இருந்து அஜந்தா சிக்னல் வரைக்கும் ஸ்கூட்டி, பைக், ஆட்டோ, வேன், கார் எல்லாம் இடித்துக்கொண்டு நகரும். எந்த வண்டியைப் பார்த்தாலும் அதில் யூனிபார்ம் போட்ட ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். இதில் எத்தனை பிள்ளைகளுக்கு வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பது அந்தந்தத் தெருவில் குடியிருக்கிற நமக்கே தெரியும். பக்கத்துத் தெரு, அதற்கு அடுத்த தெரு, ரொம்பப் போனால் சோலை நகர். இந்தத் தூரத்துக்கு வண்டி எதற்கு என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இப்போது எழுதியும் விடுகிறேன்.

நம் ஊர் நடப்பதற்காகவே அமைந்த ஊர். வடக்கே பட்டேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, கிழக்கே கடல், இதற்குள் நூல் பிடித்த மாதிரி தெருக்கள். எந்தத் தெருவில் நுழைந்தாலும் வழி தவறாது. பழைய தமிழ் வீடுகளில் திண்ணையும் அதற்கு முன்னால் தெருவைப் பார்த்த தாழ்வாரமும் கட்டினார்களே, அது நடந்து போகிற மனிதன் வெயிலுக்கு ஒதுங்க, மழைக்கு நிற்க. இன்றைக்கு அந்தத் தாழ்வாரம் இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தை 2009இல் கொண்டுவந்தபோதும், அதன் விதிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு கிலோமீட்டர் நடை தூரத்துக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள். குழந்தை நடந்து வரும் என்று நம்பி எழுதப்பட்ட விதி அது.

நேரமில்லை என்பார்கள். சரி, அதையும் பார்த்துவிடலாம். வாசலில் நிற்கிற வண்டியை வெளியே எடுக்க வேண்டும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பிள்ளைகளை ஏற்ற வேண்டும், பையைக் காலடியில் சொருக வேண்டும், சிக்னலில் நிற்க வேண்டும், பள்ளித் தெருவுக்குள் நுழைந்ததும் ஊர வேண்டும், கேட்டுக்கு முன்னால் இடம் கிடைக்காமல் சைடு ஸ்டாண்ட் போட்டு இறக்கிவிட வேண்டும், அப்புறம் எதிரே வருகிற வேனுக்கு வழிவிட்டுத் திரும்பி வெளியே வர வேண்டும். ஒரு கிலோமீட்டரைக் குழந்தையோடு மெதுவாக நடந்தால் பதினைந்து நிமிடம், வேடிக்கை பார்த்துக்கொண்டு போனால் இருபது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். வேலைக்கு ஓடுகிற அம்மாக்களுக்கு அந்தக் கொஞ்ச நேரமும் பெரிதுதான், அதை நான் மறுக்கவில்லை. அதற்கும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், சட்டப்படி டூவீலரில் ஓட்டுகிறவரோடு ஒருவர்தான் ஏறலாம். நான்கு வயதுக்கு மேல் என்றால் குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பெல்ட்டும், குழந்தைக்கு ஏற்ற ஹெல்மெட்டும், நாற்பது கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் இருந்து விதி அமலில் இருக்கிறது. காலையில் நம் பள்ளிகளின் கேட்டுக்கு முன்னால் நின்று பாருங்கள், எத்தனை குழந்தையின் தலையில் ஹெல்மெட் இருக்கிறது? "பக்கத்தில்தானே" என்று சொல்லித்தான் ஹெல்மெட் இல்லாமல் ஏற்றுகிறோம். பக்கத்தில்தான் என்றால் நடக்கலாமே.

உடம்புக்கு நல்லது என்பதை நான் நீட்டி முழக்கப் போவதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும், அதுவும் கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவுக்கு, என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார், மாலையில் டியூஷன், இரவில் போன். போகவர நடந்தால், அதுவும் சுறுசுறுப்பாக நடந்தால், அந்த ஒரு மணியில் பாதி தானாக வந்துவிடும், தனியாகப் பணம் கட்டிக் கராத்தே வகுப்பில் சேர்க்க வேண்டியதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது பேச்சு. ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை பேசுவது காற்றில் போய்விடும், "என்னடி சொன்ன" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுவோம். நடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே வருகிறது. நேருக்கு நேர் உட்கார வைத்து "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்று சொல்கிற என் மகள், நடக்கும்போது நான் கேட்காமலே கொட்டுகிறாள். யாரோடு சண்டை, எந்த மிஸ் திட்டினார்கள், யார் டிபன் பாக்ஸில் இருந்து யார் எடுத்தார்கள் எல்லாம். ஒரு நாள் பாண்லே பால் பூத்தைத் தாண்டும்போது, "அம்மா, ஒரு பொண்ணை மட்டும் யாரும் விளையாட்டுல சேத்துக்க மாட்டேங்கறாங்க, நானும் சேத்துக்கல" என்றாள். மேலே ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச தூரம் வந்துவிட்டு, "நாளைக்கு சேத்துக்கட்டுமா?" என்று அவளே கேட்டாள். இந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்திருக்காது. டிவி, ஹோம் ஒர்க், தம்பி என்று ஆயிரம் இருக்கிறது வீட்டில்.

சின்னவன் ஒன்றாம் வகுப்பு. அவனுக்கு அந்த வழி முழுக்க ஆட்கள். இஸ்திரி வண்டிக்காரர் தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பெட்டிக்குள் போட்டு விசிறிக்கொண்டிருப்பார், பொறி பறப்பதைப் பார்க்க நின்றே ஆக வேண்டும். அவர் பெட்டியை ஒருமுறை ஆட்டிக் காட்டுவார், சிவப்பாக எரிகிற கரித்துண்டு ஓட்டை வழியாகத் தெரியும், "தொடாதே, தள்ளி நில்லு தம்பி" என்று தினமும் சொல்லுவார், இவனும் தினமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நிற்பான். அப்புறம் ஒரு திண்ணையில் பூ கட்டுகிற ஆயா, ஒரு முருங்கை மரம், அதில் கம்பளிப்பூச்சி வந்திருக்கிறதா இல்லையா என்கிற ஆராய்ச்சி. ஏதாவது ஒரு நாள் அவன் வழியில் தனியாக நின்றாலும், இது இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல அந்தத் தெருவில் ஆள் இருக்கிறார்கள்.

பயத்தைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. 2024 மார்ச்சில் எங்கள் முத்தியால்பேட்டையில் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு இங்கே எந்த அம்மாவும் பிள்ளையைத் தனியாக வாசலுக்கு அனுப்பவே யோசிக்கிறாள். நானும்தான். யாரும் பிள்ளையைத் தனியாக அனுப்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எல்லோரும் வண்டிக்குள்ளும் வீட்டுக்குள்ளும் போய்விட்டால் தெரு ஆளில்லாமல் போகிறது, ஆளில்லாத தெருதான் குழந்தைக்கு ஆபத்து. காலையிலும் மாலையிலும் நாலைந்து பெரியவர்களும் இருபது பிள்ளைகளும் நடக்கிற தெருவில் தப்பு செய்ய நினைக்கிறவன் நிற்க மாட்டான்.

அதனால்தான் கூட்டமாக நடப்பது. எங்கள் தெருவில் ஒரு பள்ளிக்கும் அதை ஒட்டிய இன்னொரு பள்ளிக்கும் போகிற பிள்ளைகள் எல்லாம் பிள்ளையார் கோயில் முக்கில் சேருகிறார்கள், வழியில் இரண்டு இடத்தில் இன்னும் சில பேர் சேர்ந்துகொள்கிறார்கள், கூட ஒரு பெரியவர். இன்றைக்கு நான் என்றால் நாளைக்கு எதிர்வீட்டு அக்கா, அடுத்த நாள் பின்வீட்டுத் தாத்தா. மேலே வேலைக்கு ஓடுகிற அம்மா என்று சொன்னேனே, அவர்களுக்கான வழி இதுதான். வாரத்தில் ஒரு நாள் கூட நடந்தால் போதும், மற்ற நாட்களில் பிள்ளை வேறொருவர் பொறுப்பில் போகும். ஆஸ்திரேலியாவில் டேவிட் எங்விச்ட் என்பவர் 1990களின் தொடக்கத்தில் இந்த யோசனையைச் சொன்னார், நடக்கிற ஸ்கூல் பஸ் மாதிரி, குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் நின்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போவது. ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அக்கம்பக்கத்துக் குழுவாகச் சேர்ந்து, பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் போக, பள்ளி குறித்துக் கொடுத்த வழியிலேயே நடந்து போவது பல ஊர்களில் காலங்காலமாக இருக்கிறது. நம் ஊரிலும் இது புதிதா என்ன? அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனவர்கள்தானே நாம் எல்லோரும்.

பின்வீட்டுத் தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மில்லில் வேலை பார்த்தவர், மில் சங்கு ஊதுகிற காலத்தில் ஷிப்டுக்கு நடந்தே போய் நடந்தே வந்தவர். அவர் மகாத்மா காந்தி சாலையைப் பிள்ளைகளோடு கடப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். நிற்கிற வண்டிகளுக்கு நடுவில் இருந்து ஒருநாளும் சாலையில் இறங்க மாட்டார், இரண்டு பக்கமும் வெட்டவெளியாகத் தெரிகிற இடம் வரைக்கும் நடந்து போய்த்தான் நிற்பார். பிள்ளைகளை இரண்டு இரண்டாகக் கை கோக்க வைத்துத் தனக்குப் பின்னால் நிறுத்துவார். கையை நீட்டிவிட்டு உடனே நடக்க மாட்டார், வருகிற பஸ் டிரைவரின் முகத்தைப் பார்ப்பார், டிரைவர் இவரைப் பார்த்து வேகத்தைக் குறைத்த பிறகும் அந்தப் பக்கத்தில் பைக் ஏதாவது பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் "ம், வாங்க". சாலை நடுவில் ஓடக் கூடாது, போன செருப்பை எடுக்கத் திரும்பக் கூடாது. செருப்பு போனால் போகட்டும், தாத்தா வாங்கித் தருகிறேன் என்பார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சின்னப் பிள்ளைகளுக்கு வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கத் தெரியாது. ஒன்பது, பத்து வயது வரைக்கும் அந்தக் கணிப்பு சரியாக வராது, நாம் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும். அவர்கள் உயரத்துக்கு நிற்கிற கார் ஒன்று போதும், அவர்களுக்கும் சாலை தெரியாது, டிரைவருக்கும் அவர்களைத் தெரியாது. அதனால் அந்த வயது வரைக்கும் கூட ஒரு பெரியவர் கட்டாயம். நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக நடக்க வேண்டும், அப்போதுதான் எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். பெரியவர் வண்டிப் பக்கம், பிள்ளை வீட்டுப் பக்கம்.

நாயைப் பார்த்துப் பயந்து ஓடக் கூடாது, கையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு போகக் கூடாது, குட்டி போட்டிருக்கிற நாய் எந்தத் தெருவில் என்று தெரிந்துகொண்டு ஒரு மாதம் அந்தத் தெருவைத் தவிர்த்துவிடலாம். மாலை வெயிலுக்குத் தொப்பி, கூடவே மேற்குப் பக்கத்து வீடுகளை ஒட்டி நடந்தால் நிழல் இருக்கும். பை கனமாக இருக்கிறது என்பது நியாயமான புகார், குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கையே சொல்கிறது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் தைரியமாகக் கேட்கலாம்.

மழை மட்டும் வேறு கதை. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்த் தெருக்கள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயலில் ஒரே நாளில் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தூறலுக்குக் குடையோடு நடக்கலாம், பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஆனால் தண்ணீர் தேங்கிவிட்டால் வாய்க்கால் எது, சாலை எது, உடைந்த ஸ்லாப் எது என்று தெரியாது. அன்றைக்கு நடக்க வேண்டாம், இதில் யாரும் வீரம் காட்ட வேண்டாம்.

லாஸ்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும் இருந்து டவுனுக்குள் வருகிற பிள்ளைகள் எப்படி நடப்பார்கள் என்று கேட்பீர்கள். முழுக்க நடக்க வேண்டாம். ஆட்டோ அண்ணனிடமும் வேன் அண்ணனிடமும் சொல்லி கேட்டுக்கு இரண்டு மூன்று தெரு முன்னாலேயே ஒரு இடத்தில் இறக்கிவிடச் சொல்லலாம், அங்கே இருந்து ஒரு பெரியவரோடு எல்லோரும் சேர்ந்து நடக்கலாம். காரில் கொண்டுவிடுகிறவர்களும் அப்படியே. கேட்டுக்கு முன்னால் இருக்கிற நெரிசல் அங்கேயே பாதி தீர்ந்துவிடும், ஆட்டோ அண்ணனுக்கும் அடுத்த டிரிப்புக்கு நேரம் மிச்சம்.

அப்புறம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஸ்கூட்டி சாவியைக் கொடுத்து அனுப்புகிற அப்பாக்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கு வண்டிச் சொந்தக்காரருக்கு அல்லது பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரைக்கும் சிறையும் இருக்கிறது, வண்டியின் பதிவையும் பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து செய்வார்கள். தண்டனைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை முன்னால் நடந்து போகிறதே ஒரு ஒன்றாம் வகுப்பு, அதற்காகச் சொல்கிறேன்.

இதெல்லாம் நாம் செய்ய வேண்டியது. அரசாங்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது, அது பெரிய செலவு பிடிக்கிற வேலையும் இல்லை. நம் கடற்கரைச் சாலையை மாலை ஆறு மணியில் இருந்து மறுநாள் காலை ஏழரை வரைக்கும் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். தடுப்பை இழுத்துப் போடுகிறார்கள், ஒரு போலீஸ்காரர் நிற்கிறார், அவ்வளவுதான். ஊரே அங்கே நிம்மதியாக நடக்கிறது, வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அவர்கள் ஊரில் போய்ப் பெருமையாகச் சொல்கிறார்கள். பெரியவர்கள் காற்று வாங்க ஒரு முழுச் சாலையை இத்தனை மணி நேரம் மூட முடிகிற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற தெருவைக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மூட முடியாதா? இத்தாலியில் போல்சானோ என்கிற ஊரில் 1989இலேயே இப்படிச் செய்தார்கள். பாரிஸில் சமீப வருடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளித் தெருக்களை வண்டிகளுக்கு மூடியிருக்கிறார்கள், சிலவற்றை நிரந்தரமாகவே. பாரிஸில் சொந்தக்காரர் இல்லாத தெரு நம் ஊரில் உண்டா, போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

மூட முடியாத பெரிய சாலை என்றால் வேகத்தையாவது குறைக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாட்டில் மனிதர்களும் வண்டிகளும் கலந்து போகிற இடத்தில் முப்பது கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று அறிவித்தார்கள். அறுபதில் வருகிற வண்டி பிரேக் போட்டால், முப்பதில் வருகிற வண்டியைப் போல நான்கு மடங்கு தூரம் இழுத்துக்கொண்டு போய்த்தான் நிற்கும். இரண்டு மடங்கு என்று நாம் நினைக்கிறோம், அது இல்லை. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று, சாலைகளுக்கான அளவுகளை வகுக்கிற அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2012 வழிகாட்டியில் போட்டிருக்கிறது. இங்கே நடைபாதை இருக்கிற இடத்தில் கடைச் சாமான், டிரான்ஸ்பார்மர், பைக், பெரியவர்களே காலைத் தூக்கி வைக்க முடியாத உயரம். பிள்ளை எங்கே நடக்கும்?

இதை யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் நம் ஊரில் பெரிய சிக்கல். 2006க்குப் பிறகு இங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை, வார்டு கவுன்சிலர் என்று ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட வழியில்லை. அதனால் தனித்தனியாகப் புலம்பாமல் பள்ளிவாரியாகச் சேர்ந்து எம்.எல்.ஏ. அலுவலகம், நகராட்சி, பொதுப்பணித் துறை, போக்குவரத்து போலீஸ் நான்கு இடத்துக்கும் ஒரே மனுவைக் கொடுக்க வேண்டும். மனுவில் எல்லாவற்றையும் எழுத வேண்டாம். எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை, எந்த இடத்தில் தடுப்பு, எந்த இடத்தில் ஸ்லாப் உடைந்திருக்கிறது, இவ்வளவு போதும், கூடவே போன் போட்டோ. பள்ளித் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் சேர்ந்தால் மனுவுக்குக் கனம் வரும், பெரும்பாலும் அவர்களும் அந்த நெரிசலால் நொந்து போயிருப்பார்கள், கேட்டால் போடுவார்கள்.

எங்கள் தெருப் பிள்ளைகள் போகிற பள்ளிக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம். முத்தியால்பேட்டை, வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் இருக்கிற பெற்றோர்கள் சேர்ந்துகொள்ள நினைத்தால் எழுதுங்கள், உங்கள் பள்ளித் தெருவையும் சேர்த்துவிடலாம். மனு எப்போது நகரும் என்று தெரியாது, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க பிள்ளையையும் அனுப்புங்கக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கேட்டுப் பாருங்கள்.